நெக் லிஃப்ட் பேக்கேஜ்: ஆபரேஷன் சரி, அதற்குப் பிறகு?

தொங்கும் கழுத்தைச் சீராக்கும் ஆபரேஷன்தான் நெக் லிஃப்ட். சென்னை, கோவை காஸ்மெட்டிக் கிளினிக்குகளில் இதற்குப் பெரும்பாலும் ஒரே தொகையாகத்தான் விலை சொல்கிறார்கள். சர்ஜன் கட்டணம், மயக்க டாக்டர், தியேட்டர், ஒரு இரவு ரூம், தாடைக்கு ஒரு பெல்ட், இரண்டு மூன்று 'ஃபாலோ-அப்'. எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி முடித்து, கழுத்து வேலையைத் தொடர்ந்து செய்துவரும் ஒருவரிடம் போகிறீர்கள் என்றால், தியேட்டருக்குள் நடக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தின் நுணுக்கம் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. தெரியப்போவது அதற்குப் பிறகு வரும் நாட்கள்தான். அதனால் இந்த மதிப்பீடு ஆபரேஷனைப் பற்றியதல்ல. பேக்கேஜில் மீதி இருப்பவற்றைப் பற்றியது. எது காசுக்கு ஏற்றது, எது சும்மா பட்டியலை நீட்டுவது, எது பட்டியலிலேயே இல்லாமல் போய்விடுகிறது என்று பார்க்கலாம்.

முதலில் பில். அழகுக்காகச் செய்யும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு ஜி.எஸ்.டி. விலக்கு கிடையாது, 18 சதவீதம் உண்டு. பிறவிக் குறை, விபத்து, காயம் போன்றவற்றைச் சரிசெய்யும் சர்ஜரிக்கு மட்டும்தான் விலக்கு. சொன்ன தொகை வரியோடா, வரி இல்லாமலா என்று கேளுங்கள். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இதற்கு வராது. சர்ஜரிக்குப் பின் வரும் சிக்கலுக்கும் வரும் என்று நம்பி உட்கார வேண்டாம். ஆகவே விலை பேசும்போதே கேட்க வேண்டிய கேள்வி: அன்றிரவே ரத்தம் கசிந்து மறுபடி தியேட்டருக்குப் போக நேர்ந்தால் அந்தச் செலவு யாருடையது? இதற்கு மழுப்பாமல் பதில் சொல்லும் இடம் பாதித் தேர்வில் பாஸ்.

எல்லா நெக் லிஃப்ட்டும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மோவாய்க்கு அடியில் சின்னத் துளை போட்டுக் கொழுப்பை மட்டும் உறிஞ்சுவது ஒன்று. அங்கேயே சுமார் 3 செ.மீ. கீறி, கழுத்தின் முன்பக்கம் தொங்கும் பிளாட்டிஸ்மா தசையின் இரு ஓரங்களை நடுவில் சேர்த்துத் தைப்பது இன்னொன்று. காதுக்குப் பின்னால் கீறித் தலைமுடிக்குள் கொண்டுபோய், தளர்ந்த தோலை இழுத்து மிச்சத்தை வெட்டுவது மூன்றாவது. தசைக்கும் கீழே போய் ஆழத்துக் கொழுப்பையும் உமிழ்நீர்ச் சுரப்பியின் ஒரு பகுதியையும் குறைக்கும் 'டீப் நெக்' வேலை நான்காவது. முதலாவதற்கு ஒரு வாரத்தில் வெளியே தலைகாட்டலாம். பின்னவற்றுக்கு இரண்டு வாரம் குறைந்தபட்சம். விளம்பரத்தில் 'மூன்றே நாளில் வேலைக்கு' என்று போட்டிருந்தால் முதலாவதைக் காட்டி மூன்றாவதை விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் இரவு

பேக்கேஜில் மிக மதிப்புள்ள பொருள் அந்த ஒரு இரவு ரூம்தான். 'டே-கேராக, அதாவது அன்றே வீட்டுக்குப் போகும்படி, செய்துகொண்டால் இவ்வளவு குறையும்' என்ற சலுகை வந்தால், கொழுப்பை மட்டும் உறிஞ்சும் லைப்போசக்‌ஷன் தவிர வேறெதற்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம். காரணம் ஹீமட்டோமா. தோலுக்கடியில் ரத்தம் கசிந்து தேங்குவது. இந்த வகை ஆபரேஷன்களில் அதிகம் காணும் சிக்கல் அதுதான். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வருகிறது. ஆண்களுக்குப் பெண்களைவிட அதிகம், தாடி முளைக்கும் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடுதல் என்பதால். கழுத்தில் இது வேகமாகப் பெருகினால் மூச்சுக்குழாயையே அழுத்தும்.

இதைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம், ஆள் வேண்டும். நெக் லிஃப்ட்டில் வலி சாதாரணமாக இரண்டு பக்கமும் சுமாராகத்தான் இருக்கும். இறுக்கம்தான் தூக்கலாகத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் வலி ஏறிக்கொண்டே போவது, அந்தப் பக்கம் மட்டும் உப்பிக் கெட்டியாவது, தோல் நீலம் பாரித்து மினுமினுப்பது, விழுங்கச் சிரமம், குரல் மாறுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வலிக்கு இன்னொரு ஊசி போட்டுத் தூங்கவைப்பது தப்பான வைத்தியம். இரவு ட்யூட்டியில் இருக்கும் நர்ஸுக்கு இது தெரியுமா, சர்ஜன் எத்தனை நிமிடத்தில் வந்து சேருவார், தியேட்டரை இரவில் திறக்க முடியுமா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ரத்த அழுத்தத்தை இரவு முழுக்கப் பார்க்க வேண்டும். பல சர்ஜன்கள் மேல் அளவை 140-க்குள் வைத்திருக்கப் பார்ப்பார்கள். பி.பி. மாத்திரை சாப்பிடுபவர் ஆபரேஷன் நாளன்று எதை எடுப்பது, எதை விடுவது என்று மயக்க டாக்டர்தான் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்திவிட்டு வருபவர்களுக்குத்தான் இரவில் அழுத்தம் எகிறுகிறது. வாந்தி, இருமல், மலம் கழிக்க முக்குவது, சிறுநீர் வராமல் தவிப்பது எல்லாமே அழுத்தத்தை ஏற்றும். வாந்திக்கு ஆன்டன்செட்ரான் முன்கூட்டியே கொடுத்திருப்பார்கள். கொடுத்தார்களா என்று கூட இருப்பவர் கேட்டுவைக்கலாம்.

சிலருக்குக் காதின் பின்பக்கமோ மோவாய்க்கடியிலோ மெல்லிய குழாயும் நுனியில் ஒரு பிளாஸ்டிக் குமிழும் இருக்கும். இந்த ட்ரெயின், கசியும் நீரை உறிஞ்சி வெளியே எடுக்கும், ஹீமட்டோமாவைத் தடுக்காது. குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் குமிழ் காலியாகவே இருக்கும், உள்ளே தேங்கிக்கொண்டிருக்கும். 'ட்ரெயினில் ஒன்றும் வரவில்லை, அதனால் எல்லாம் சரி' என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். குமிழை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடியை மாட்டினால்தான் அது உறிஞ்சும். உப்பிப்போன குமிழ் வேலை செய்யாத குமிழ். 24 மணி நேரத்தில் சுமார் 30 மில்லிக்குக் கீழே வந்ததும், பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டாம் நாளில், எடுத்துவிடுவார்கள். எடுக்கும்போது ஒரு விநாடி சுருக்கென்று இழுக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவைக்காத இடங்கள் உண்டு. பிரேசிலின் ஆவர்ஸ்வால்ட் சர்ஜன்கள் 2014-இல் எழுதிய ஒரு முறைப்படி, தோலை அடியில் இருக்கும் திசுவோடு வலைபோலத் தைத்துவிடுவது இப்போது பல ஊர்களில் நடக்கிறது. கண்விழித்துக் கண்ணாடி பார்ப்பவருக்குக் கழுத்து முழுக்க நூல் கோடுகள். பயந்துபோவார்கள். 48 முதல் 72 மணி நேரத்தில் நூலை உருவிவிடுவார்கள். புள்ளிகள் சில நாளில் மறையும். மாநிறத் தோலில் அந்தப் புள்ளிகள் சில வாரம் கருத்துத் தெரியலாம் என்பதைத்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெல்ட்

பேக்கேஜில் எல்லோரும் படம் எடுத்துப் போடுவது இந்தத் தாடைப் பெல்ட்டைத்தான். அதனாலேயே அதற்குத் தகுதிக்கு மீறிய பெயர். கழுத்தைத் தூக்கி நிறுத்துவது பெல்ட் அல்ல. உள்ளே போட்ட தையல். பெல்ட் செய்வதெல்லாம், பிரித்தெடுத்த தோல் அடித்திசுவோடு மறுபடி ஒட்டிக்கொள்ளும்வரை லேசாக அணைத்துப் பிடிப்பதும், நீர் தேங்க இடம் கொடுக்காமல் இருப்பதும்தான். பெல்ட்டே கொடுக்காத நல்ல சர்ஜன்களும் இருக்கிறார்கள். கொடுப்பவர்களில் அதிகம் பேர் சொல்வது: முதல் வாரம் சாப்பாடு, குளியல் தவிர முழு நேரமும், பிறகு இரண்டு மூன்று வாரம் இரவில் மட்டும்.

மூன்று வகை கிடைக்கிறது. உச்சந்தலையில் ஒட்டும் ஒற்றைப் பட்டை, ஆன்லைனில் 'வி-லைன்' என்று விற்பது, முதல் வகை. இதை வாங்க வேண்டாம். அகலம் குறைவு, எல்லா அழுத்தமும் மோவாய் நுனியிலும் காதின் முன்பக்கத்திலும் விழுகிறது. கழுத்துப் பள்ளத்தை, அதாவது அழுத்தம் தேவையான இடத்தை, அது தொடுவதே இல்லை. தூங்கும்போது பின்னால் நழுவி, காதுக்குப் பின்னால் இருக்கும் தையலின் மேலேயே ஏறி உட்காரும். இரண்டாவது, உச்சியில் ஒன்றும் பிடரியில் ஒன்றுமாக இரண்டு பட்டைகள் வெல்க்ரோவில் ஒட்டும் மருத்துவப் பெல்ட். காதுக்குத் திறப்பு இருக்கும். நம் கணக்கில் இதுதான் சரியான பொருள். மூன்றாவது, தலை, கழுத்து, மேல்நெஞ்சு வரை மூடும் முகமூடி மாதிரியான உறை. டீப் நெக் செய்தவர்களுக்குச் சில சர்ஜன்கள் சொல்வார்கள். நம் ஊர் வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு பகல் கழிப்பது கடினம். வேர்க்குரு வந்து தோல் ஊறினால் நன்மையைவிடக் கெடுதல் கூடிவிடும்.

அளவு சரிபார்ப்பது இப்படி. பெல்ட்டைப் போட்டபின் மோவாய்க்கடியில் இரண்டு விரல் எளிதாக நுழைய வேண்டும். எச்சில் விழுங்கும்போது தடை தெரியக் கூடாது. காது மடலின் நுனியை அழுத்திவிட்டால் வெளுத்து, இரண்டு மூன்று விநாடியில் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு நாளைக்கு இருமுறை கழற்றித் தோலைப் பாருங்கள்: ஓரத்தில் படிந்த கோடு அரை மணி நேரத்துக்குள் மறைந்தால் சரி, மறையாவிட்டால் இறுக்கம் அதிகம். மோவாய்க்கும் குரல்வளைக்கும் இடையே பெல்ட் சுருண்டு ஒரு மடிப்பு விழுந்தால் அந்த மடிப்பு தோலில் பதிந்துவிடும். துணியை நீவிவிட்டு, அடியில் மடித்த காஸ் ஒன்றை வைக்கலாம். மரத்துப்போன தோல் வலித்துக் காட்டிக்கொடுக்காது என்பதுதான் இதில் ஆபத்து. காதுக்குப் பின்னால் ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைவு. அங்கே இறுக்கிப் பிடித்தால் தோல் கருத்து உயிரிழக்கும். 'டைட்டாகப் போட்டால் ஷேப் நன்றாக வரும்' என்று ரிசப்ஷனில் சொல்லும் அறிவுரையால் வரும் கேடு இது.

பேக்கேஜில் ஒரு பெல்ட்தான் தருவார்கள். வியர்வைக்கும் கஞ்சி சிந்துவதற்கும் இரண்டாவது கட்டாயம் வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டு அலசி நிழலில் காயப்போடுங்கள். வாஷிங் மெஷினில் போட்டால் வெல்க்ரோ நூல் பிடித்துப் பிடிமானம் போய்விடும்.

தலையணை, ஐஸ், மாத்திரை

முதுகும் தலையும் சேர்ந்து 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். அதே சமயம் மோவாய் நெஞ்சில் இடிக்கக் கூடாது. இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். நாலு தலையணையைத் தலைக்கு அடியில் மட்டும் அடுக்கினால் கழுத்து மடங்கிவிடும். இழுத்துத் தைத்த தோல் மடிப்பில் சுருங்கும், நீர் தேங்கும். சாய்வான பெட் உள்ள வீட்டில் எதுவும் வாங்கத் தேவையில்லை. ஈஸி சேரோ ரிக்ளைனரோ இருந்தாலும் போதும். இல்லையென்றால் ஆப்பு வடிவ ஃபோம் தலையணை ஒன்று வாங்கலாம், இடுப்பிலிருந்தே தாங்கும் நீளத்தில். யு வடிவப் பயணத் தலையணை, 'சர்வைக்கல்' மேடு வைத்த தலையணை இரண்டும் வேண்டாம். இரண்டுமே காதுக்குப் பின்னால் இருக்கும் தையலில் முட்டும். குப்புறப்படுப்பதும் ஒருக்களிப்பதும் இரண்டு வாரத்துக்கு இல்லை.

பகலில் செல்போனைக் குனிந்து பார்ப்பதும் கழுத்தை மடக்குவதுதான். மேசையில் முழங்கையை ஊன்றி, போனைக் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். யாராவது கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்பாமல் தோளோடு சேர்ந்து திரும்பப் பழகிக்கொள்ள வேண்டும்.

ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, 10 முதல் 15 நிமிடம், முதல் இரண்டு நாள். பிறகு பெரிய பலன் இல்லை. நேராகத் தோலில் வைக்கவே கூடாது. மரத்த தோல் சில்லிப்பில் வெந்து கொப்பளித்தாலும் தெரியாது. காதுக்குப் பின்னால் வைக்க வேண்டாம். வைக்கச் சொல்லாத சர்ஜன்களும் உண்டு, அவர்கள் சொல்வதைக் கேட்கலாம்.

வலிக்குப் பெரும்பாலோருக்குப் பாராசிட்டமாலே போதும். டோலோ 650 ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளில் 2.6 கிராம். பெரியவர்களுக்கு உச்ச வரம்பு 4 கிராம். ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் மது பழக்கம் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. டிரமடால் கலந்த மாத்திரையை எழுதித் தந்திருந்தால் அதற்குள்ளும் பெரும்பாலும் பாராசிட்டமால் இருக்கும், அட்டையைப் படித்துக் கூட்டிப் பாருங்கள். டிரமடால் மலச்சிக்கலும் தரும். முதல் நாளிலிருந்தே இரவில் இசப்கோலும் போதிய தண்ணீரும் எடுத்துக்கொண்டால் மூன்றாம் நாள் முக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வகைகளுடன் மீன் எண்ணெய், விட்டமின் ஈ, பூண்டு கேப்சூல் எல்லாம் ஆபரேஷனுக்கு ஒன்று இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் மட்டும் இதய டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது.

நிக்கோட்டின் முன்னால் நாலு வாரம், பின்னால் நாலு வாரம் சுத்தமாக இல்லை. சிகரெட் மட்டுமல்ல, வெற்றிலையோடு போடும் புகையிலை, மூக்குப்பொடி, நிக்கோட்டின் சூயிங்கம் எல்லாமே சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்கும். 'நான் சிகரெட் குடிப்பதில்லை' என்று படிவத்தில் டிக் அடிக்கும் புகையிலைக்காரர்கள் பலர். காதுக்குப் பின் தோல் கருகுவதில் முதல் காரணமே இதுதான். வீக்கமும் ரத்தக்கட்டும் குறையும் என்று தரும் ஆர்னிகா, புரோமெலைன் மாத்திரைகளுக்குப் பலமான ஆதாரம் இல்லை. பேக்கேஜில் இலவசமாக வந்தால்கூட டாக்டரைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

சாப்பாடு எளிது. இட்லி, இடியாப்பம், குழைந்த ரசம் சாதம், கஞ்சி, தயிர் சாதம். வாயை அகலத் திறந்து மென்று இழுக்கும் பரோட்டா, மட்டன் எலும்பு, முறுக்கு ஒரு வாரத்துக்கு வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு உப்பால் வீக்கத்தைப் பிடித்துவைக்கும்.

கண்ணாடியில் தெரிவது

மூன்றாம் நாள்தான் முகம் மிக மோசமாக இருக்கும். வீக்கம் இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையே உச்சத்தில். ரத்தக்கட்டு கழுத்திலிருந்து இறங்கி நெஞ்செலும்பு வரை வந்து நிற்கும். புதிதாக எதுவும் கசியவில்லை, பழையது கீழே இறங்குகிறது. ஊதா, பச்சை, மஞ்சள் என்று மாறி இரண்டு வாரத்தில் போய்விடும். இந்த நாட்களில் 'எதற்கு இதைச் செய்துகொண்டோம்' என்று மனம் உடைந்துபோவது சகஜம், அதிலும் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் செய்துகொண்டவர்களுக்கு. நல்ல கிளினிக் இந்த மூன்றாம் நாளில் தானாகவே போன் செய்யும்.

காது மடலும் அதன் கீழ்ப்பக்கமும் மரத்திருக்கும். காதுக்கு உணர்ச்சி தரும் நரம்பு, கழுத்தின் பக்கவாட்டுத் தசையின் மேலேயே ஓடுகிறது. முகம், கழுத்து லிஃப்ட்டுகளில் அதிகம் அடிபடும் நரம்பு அதுதான். இழுபட்டது மட்டும் என்றால் சில வாரத்திலிருந்து சில மாதத்தில் திரும்பும். திரும்பும்போது அரிப்பும் சுருக்சுருக்கென்று மின்னல் மாதிரிக் குத்தலும் வரும், நல்ல அறிகுறி. அதுவரை ஹேர் டிரையரைக் குளிர்க்காற்றில் மட்டும் வையுங்கள். ஜிமிக்கி, கனத்த தோடு வேண்டாம். மடல் இழுபடுவது தெரியாது. ஆண்கள் ரேசரை விட்டு எலக்ட்ரிக் ஷேவருக்கு மாறுவது நல்லது.

சிரிக்கும்போது கீழுதடு ஒரு பக்கம் சரியாக இறங்கவில்லை என்றால், முக நரம்பின் தாடை ஓரக் கிளையோ கழுத்துக் கிளையோ அதிர்ந்திருக்கலாம். முதல் சில மணி நேரத்தில் என்றால் மரப்பு ஊசியின் விளைவு. நாள்கணக்கில் நின்றாலும் பெரும்பாலும் வாரங்களிலிருந்து மூன்று நாலு மாதத்துக்குள் சரியாகும். சர்ஜனிடம் சொல்லி, தேதி போட்ட போட்டோவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மோவாய்க்கடித் தையலை 5-7 நாளிலும், காதுப் பின்பக்கத்தை 7-10 நாளிலும், முடிக்குள் ஸ்டேப்ளர் இருந்தால் 10-14 நாளிலும் எடுப்பார்கள். ட்ரெயின் எடுத்து ஒன்றிரண்டு நாளில் பேபி ஷாம்பூ போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் தலைக்குக் குளிக்கலாம். எண்ணெய்க் குளியல், மஞ்சள் பூச்சு, புண்ணில் தேங்காயெண்ணெய் எதுவும் கிடையாது. ஹேர் டை குறைந்தது நாலு வாரம் கழித்து. அதனால் ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே அடித்துக்கொண்டு போவது புத்திசாலித்தனம். தாலிச் செயின் உட்படக் கழுத்தில் எதுவும் தியேட்டருக்குள் போகாது, மூன்று நாலு வாரம் வரை பாரமாக எதுவும் வேண்டாம். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை, ஜிப் வைத்த நைட்டி எடுத்துவையுங்கள். தலைவழியே மாட்டும் டி-ஷர்ட் காதில் உரசும்.

மூன்றாம் வாரத்திலிருந்து மோவாய்க்கடியில் கட்டிகட்டியாகத் தட்டுப்படும். சர்ஜனுக்கு அதிகம் போன் வரும் கட்டம் இதுதான். ஆறுகிற திசு கெட்டிப்படுவது அது. மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் இளகிவிடும். ஆனால் கட்டி மெத்தென்று, தட்டினால் தளும்பினால் அது செரோமா, நிணநீர் தேக்கம். ஊசியால் உறிஞ்சி எடுக்க வேண்டும், ஒருமுறைக்கு மேலும் ஆகலாம். டீப் நெக் செய்தவருக்குச் சாப்பிடும் நேரத்தில் மட்டும் தாடைக்கடியில் உப்பினால் வெட்டிய சுரப்பியிலிருந்து எச்சில் கசிகிறது என்று அர்த்தம், உடனே காட்ட வேண்டும். சிவந்து சூடாகி, சீழோடு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்றாலும் அப்படித்தான்.

பட்டியலில் இல்லாத ஹெல்மெட்

டிஸ்சார்ஜ் தாளில் 'இரண்டு வாரம் வண்டி ஓட்ட வேண்டாம்' என்று போட்டிருப்பார்கள், கார் ஓட்டும் வெளிநாட்டு நோயாளிக்கு எழுதிய தாளைப் பார்த்து. கார் ஓட்ட அது சரிதான்: தோளைத் திருப்பிப் பார்க்க முடிந்து, மயக்கம் தரும் மாத்திரை நிறுத்தியிருந்தால் 10-14 நாளில் ஓட்டலாம். இருசக்கர வாகனம் வேறு கதை. முழு ஹெல்மெட்டை மாட்டும்போதும் கழற்றும்போதும் காது பின்னோக்கி மடங்கித் தையல் இழுபடும். அதன் வார், மோவாய்க்கடிக் கீறலின் மேல் சரியாக உட்காரும். ஹெல்மெட் இல்லாமல் போவது வழியல்ல. நாலு வாரம் ஆட்டோ, பஸ் என்று திட்டமிடுங்கள். பின்சீட்டுக்கும் அதே கணக்குதான்.

முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் நடக்கலாம், நடக்க வேண்டும். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரக்குழந்தை, எதுவானாலும் நாலைந்து கிலோவுக்கு மேல் மூன்று வாரம் தூக்க வேண்டாம். ஜிம், யோகாவில் தலைகீழ் ஆசனங்கள், நீச்சல் நாலு முதல் ஆறு வாரம் கழித்து.

துபாய், சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து லீவில் வந்து சென்னையில் செய்துகொள்பவர்களுக்கு ஒரு கணக்கு. 10-14 நாளுக்குமுன் விமானம் ஏறாமல் இருப்பது நல்லது. ஸ்டேப்ளர் எடுத்து, செரோமா இல்லை என்று பார்த்தபிறகு கிளம்பினால் நிம்மதி. மொத்த லீவே இரண்டு வாரம் என்றால் வந்த மறுநாளே ஆபரேஷன் வைக்க வேண்டியிருக்கும். ரத்தப் பரிசோதனையில் ஏதாவது தட்டினால் தள்ளிப்போட இடமில்லை. மூன்று வாரம் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். பேக்கேஜில் 'ஏர்போர்ட் பிக்-அப்' போட்டுவிட்டு இதைச் சொல்லாத இடங்கள் உண்டு.

கூடுதலாக விற்பவை

தேங்கிய நிணநீரை வடியவைக்கும் லிம்ஃபாட்டிக் மசாஜ் என்று ஆறு, எட்டு சிட்டிங் சேர்த்துத் தருவார்கள். பழகிய கை மெதுவாகச் செய்தால் வீக்கம் கொஞ்சம் விரைவாக வடியலாம், இல்லாவிட்டாலும் அது வடியத்தான் போகிறது. முதல் இரண்டு வாரத்தில் சர்ஜன் அனுமதி இல்லாமல் யாரும் கழுத்தை அழுத்தக் கூடாது. தனியாகக் காசு கேட்டால் விட்டுவிடலாம். எல்.இ.டி. விளக்கு, ஆக்சிஜன் ஃபேஷியல் வகையறா பணத்துக்குக் கேடு.

சிலிகான் ஜெல் மட்டும் வாங்கத் தகுந்தது. காயம் முழுக்க மூடி, பொருக்கு உதிர்ந்தபிறகு, பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, நாளுக்கு இருமுறை மெல்லிய பூச்சாக, குறைந்தது மூன்று மாதம். தடவியது காயாமல் பிசுபிசுத்தால் அதிகம் போட்டுவிட்டீர்கள். தாள் வடிவ சிலிகான் நாளுக்கு 12 மணி நேரமாவது இருக்க வேண்டும். காதுக்குப் பின்னால் அது ஒட்டி நிற்பதில்லை, ஜெல்தான் வசதி. மோவாய்க்கடித் தழும்புக்கும் வெயில் படும், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் ஒரு வருடம். நம் தோலில் தழும்பு கருப்பதும் கீலாய்டு எழும்புவதும் அதிகம். காது குத்திய இடத்திலோ தடுப்பூசித் தழும்பிலோ ஏற்கெனவே மேடு தட்டியவர் இதை முதல் கன்சல்டேஷனிலேயே சொல்ல வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் தழும்பு தடித்து அரித்தால் ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி தொடங்கலாம். 'தானாகச் சரியாகும்' என்று ஒரு வருடம் விட்டால் கஷ்டம்.

ஃபாலோ-அப்புக்கு வருவோம். இரண்டு மூன்று தடவை போதாது. மறுநாள், இரண்டு மூன்றாம் நாள், ஒரு வாரம், இரண்டு வாரம், ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம்: இவ்வளவும் கட்டணத்துக்குள் இருக்க வேண்டும், முதல் நாலிலாவது சர்ஜனே பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே வெளிச்சத்தில், நேராகவும் பக்கவாட்டிலும் போட்டோ. கழுத்து அழகாகத் தெரிய மோவாய்க்கும் கழுத்துக்கும் இடையே 105 முதல் 120 டிகிரிக் கோணம் வேண்டும் என்று 1980-இல் எல்லன்போகன், கார்லின் இருவரும் எழுதியதைத்தான் சர்ஜன்கள் இன்றும் அளவுகோலாகச் சொல்கிறார்கள். தலையைக் கொஞ்சம் முன்னே தள்ளி, மோவாயைத் தூக்கினாலே அந்தக் கோணம் போட்டோவில் வந்துவிடும். கிளினிக் சுவரில் இருக்கும் 'முன்-பின்' படங்களில் காதும் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு நம்புங்கள்.

மூன்று மாதத்துக்குமுன் எந்தத் தீர்ப்பும் வேண்டாம், நல்லதோ கெட்டதோ. வீக்கம் இருக்கும்வரை கழுத்து வழவழவென்றுதான் இருக்கும். நடுவில் கொழுப்பை அளவுக்கு மீறி எடுத்திருந்தால் அந்தக் குழி வீக்கம் வடிந்தபிறகுதான் வெளிப்படும். தைத்த தசைப் பட்டை மறுபடி தலைதூக்குவதும் சிலருக்கு ஆறு மாதம், ஒரு வருடத்தில்தான். திருத்த ஆபரேஷனும் அதற்குமுன் செய்யமாட்டார்கள், ஆறாத திசுவில் கத்தி வைக்க முடியாது. 'ரிவிஷன் இலவசம்' என்று பேக்கேஜில் இருந்தால் இரண்டு விஷயம் கேளுங்கள்: எத்தனை மாதம் வரை, சர்ஜன் கட்டணம் மட்டுமா அல்லது தியேட்டரும் மயக்க மருந்தும் சேர்த்தா. ஆறு மாதத்தோடு முடியும் இலவசம் இலவசமே அல்ல. குறைந்தது 18 மாதம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கட்டுங்கள்.